பெருநாள் அடுப்பும் முற்றத்துத் தேசிமரமும்

நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவில் கல்முனைக்குடியிலோ, சாய்ந்தமருதிலோ, மருதமுனையிலோ, நிந்தவூரிலோ, எந்த வீட்டின் குசினியை எட்டிப் பார்த்தாலும் அங்கே உறக்கத்திற்கு இடமிராது. ஓர் அடுப்பில் தொதல் கொதித்து இறுகிக்கொண்டிருக்கும். மற்றோர் அடுப்பில் வட்டிலப்பம் வேகும். ராத்தா கேக்குக்கு முட்டை அடிப்பாள். உம்மா சீனிப் பாகின் பதம் பார்ப்பாள். மூத்தும்மா மூலையில் அமர்ந்து, கண்ணாற் பார்க்காமலே, வாசனையாற் கருகலைக் கண்டுபிடித்து அதட்டுவாள். அவ்வளவுக்கும் நடுவே, அம்மியருகே ஒரு கிண்ணத்தில் நாலைந்து தேசிக்காய்கள் கிடக்கும். அவற்றை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அந்த இரவின் எந்த வேலையும் அவையின்றி முற்றுப்பெறுவதில்லை.

நமது வரலாற்று நூல்களிற் கோட்டைகளுக்கு இடமுண்டு, துறைமுகங்களுக்கு இடமுண்டு, ஒப்பந்தங்களுக்கும் ஆளுநர்களுக்கும் இடமுண்டு. குசினிக்கு மட்டும் இடமில்லை. ஒரு சமூகம் எந்த மாவைத் தின்றது, அந்த மா எந்த வயலிலிருந்து அல்லது எந்தக் கப்பலிலிருந்து வந்தது, அதை இடித்துச் சலித்துச் சுட்டெடுத்த கைகள் எவருடையவை என்ற கேள்விகளை நாம் கேட்டதேயில்லை. கேட்டுப் பார்த்தால், பெருநாட் பலகாரத் தட்டு ஒன்றே நானூறு ஆண்டுக் கதையைச் சொல்லும். அம்பாறைக் கரையோரத்துப் பெருநாள் அடுப்பை முன்வைத்து அந்தக் கதையைச் சொல்ல இங்கு முயல்வோம்.

முதலிற் தேசிக்காயைப் பார்ப்போம். தமிழகத்தார் எலுமிச்சை என்பதை நம்மவர் தேசிக்காய் என்பர். இந்தியாவின் வடகிழக்கிலும் தென்கிழக்காசியாவிலும் தோன்றிய இவ்வினப் பழங்களை மத்தியதரைக் கடல்வரை கொண்டுசென்றவர்கள் அரபு வணிகரும் உழவரும் ஆவர். அரபியரின் 'லைமூன்' என்ற சொல்லே போர்த்துக்கேயர் வாயில் 'லிமாவோ' என்றும், ஆங்கிலேயர் வாயில் 'லெமன்' என்றும் வழங்கலாயிற்று. கடலோடிகளைக் கொன்று குவித்த ஸ்கர்வி நோய்க்கு இப்பழச் சாறு மருந்தாவதை ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747ஆம் ஆண்டில் நோயாளிகளைப் பிரித்து வைத்துச் சோதித்துக் காட்டினார். எனினும் பிரித்தானியக் கடற்படை அதைத் தன் மாலுமிகளுக்கு முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஏழை மாலுமியின் உயிர் அதிகாரிகளின் மேசையிற் காத்துக் கிடந்தது.

நமது கரையோரத்துப் பெண்கள் எந்தச் சோதனைச் சாலையையும் கண்டவரல்லர். எனினும் தேசிக்காயின் தன்மையை அவர்கள் அறிந்த அளவு வியப்பிற்குரியது. மீன் கழுவிய சட்டியிலும் கையிலும் தேசிக்காயைத் தேய்ப்பர். மீன் நாற்றத்தைத் தரும் காரப்பொருள் புளிப்போடு சேர்ந்து ஆவியாகாத உப்பாக மாறிவிடுவதே அதன் காரணம். சீனிப் பாகிற் சில துளி பிழிவர். புளிப்பு சீனியின் ஒரு பகுதியைப் பிளந்து வேறிரு இனிப்புகளாக்கிவிடுவதால் பாகு மீண்டும் மணல்போல் உறைவதில்லை. முட்டை வெண்கரு அடிக்கும் பாத்திரத்தை வெட்டிய தேசிக்காயால் துடைப்பர். எண்ணெய்ப் பசை நீங்கி நுரை நிலைத்து நிற்கும். சோறு வெள்ளையாக இருக்க உலையில் இரண்டு சொட்டு. களிம்பேறிய பித்தளைக்கு உப்போடு ஒரு பாதி. அரைத்த மருதோன்றி கையிற் சிவக்க ஒரு பாதி. துணியில் ஏறிய துருக்கறைக்கு உப்பும் சாறும் வெயிலும். மறுநாள் நெய்ச்சோற்றுக்கும் இறைச்சிக்கும் துணையாக, உப்பிலிட்டு வெயிலிற் காயவைத்து ஜாடியில் அடைத்த ஊறுகாய். இவற்றையெல்லாம் எழுதிய ஏடு எதுவுமில்லை. தாய் கையிலிருந்து மகள் கைக்கு வந்த அறிவு இது.

இந்த அறிவு தங்கி வளர்வதற்கு ஒரு வீடு வேண்டும். ஒரு முற்றம் வேண்டும். கிழக்குக் கரையில் அவ்விரண்டும் பெண்ணுக்கே உரியனவாக இருந்தன என்பது நம் கவனத்திற்குரிய செய்தி. அக்கரைப்பற்றில் 1969ஆம் ஆண்டளவில் ஆய்வு தொடங்கிய மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எடுத்துக் காட்டியதுபோல், இப்பகுதியின் முஸ்லிம்களும் தமிழர்களும் ஒருங்கே தாய்வழிக் குடிமுறையைப் பின்பற்றி வந்தவர்கள். மகளுக்குத் திருமணத்தின்போது வீடும் வளவும் சீதனமாக எழுதப்படும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவான். ஆகவே முற்றத்துத் தேசிமரமும் கிணறும் தென்னையும் அடுப்படியும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் சொத்துகளாயின. அந்த வீட்டைக் கட்டிக்கொடுக்கும் சுமை பெண் வீட்டாரின் தோளை நசுக்கியதையும் நாம் மறைப்பதற்கில்லை. எனினும் தனக்கென ஒரு கூரையும் ஒரு மரமும் இருந்தமையால், பெண்ணின் கைக்கு ஒரு பலம் இருந்தது.

இனி அடுப்பின் கதைக்கு வருவோம். 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் அளித்து, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் கூறும் செய்தி. அவர்களுக்கு முன்னரே இக்கரையில் முஸ்லிம் குடியிருப்புகள் இருந்தன. 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலும் கோட்டை எழுப்பினர். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். துரத்தியவர்கள் பத்தாண்டுகளிற் போய்விட்டார்கள். அவர்களுடைய சொற்களோ நமது குசினியில் தங்கிவிட்டன. 'குசினி' என்பதே போர்த்துக்கேயச் சொல். 'பாண்' அவர்களுடையது, பாண் சுடும் 'போறணை' அவர்களுடையது, 'பிசுக்கோத்து', 'கோப்பை', 'பீரிசு', 'மேசை' யாவும் அவர்களுடையவை. ஒல்லாந்தர் 'கொக்கிஸ்' தந்தனர். அவர்கள் காலத்திற் சாவகத்திலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மலாயர் தொதலைத் தந்தனர். மஸ்கட் அல்வா தன் பெயரிலேயே ஓமான் நாட்டுத் துறைமுகத்தைச் சுமந்து நிற்கிறது. 'கேக்' ஆங்கிலேயரோடு வந்தது. வென்றவர், தோற்றவர், அடிமைப்பட்டவர், வணிகர் அனைவரும் ஒரே தட்டில் அமர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் சொற்கள் எங்கிருந்து வந்தாலும், நெடுங்காலம் இக்கரையின் பலகாரத்திற்கு அடிப்படையாக இருந்தது அரிசி மாவே. பட்டிப்பளை ஆற்றின் நீர் பாய்ந்த வயல்களின் நெல்லும், கரையோரத் தென்னையின் பாலும் இருக்கையில் வேறென்ன வேண்டும்? வட்டிலப்பத்திற்கு வேண்டிய கித்துள் கருப்பட்டி மட்டும் இக்கரையில் விளைவதன்று. அது மலைநாட்டுப் பொருள். கரைக்கும் மலைக்குமிடையே உப்பும் கருவாடும் ஏற்றிச் சென்று மலைநாட்டு விளைபொருள்களோடு மீண்ட முஸ்லிம் தவள வணிகரின் மாட்டு வரிசைகள் அந்த உறவை வளர்த்தன. மாவைத் தந்த உழைப்பு யாருடையது? அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, அரித்து, வறுத்து, மீண்டும் அரித்தது பெண்ணின் தோள். அதையும் நோன்பு வைத்துக்கொண்டே செய்தாள். பகலிற் சுவை பார்க்கவியலாத அவள், உப்பையும் இனிப்பையும் கைக்கணக்காலும் மணத்தாலுமே அளந்தாள்.

கோதுமை மா இந்த அடுப்பை ஆளத் தொடங்கியது போர்க்காலத்தில். இலங்கை அக்காலத்தில் தன் அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தே வாங்கியது. 1942 மார்ச் மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அரிசிக் கப்பல்கள் நின்றன. கூப்பன் முறை வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா பங்கிடப்பட்டது. பஞ்சத்திற்கு வந்த விருந்தாளி போக மறுத்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடே கொதித்தெழுந்தது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நடந்த ஹர்த்தால் பிரதமர் டட்லி சேனநாயக்காவின் பதவி விலகலில் முடிந்தது. பானைக்குள் இருக்கும் அரிசி அரசாங்கத்தையே கவிழ்க்க வல்லது என்பதை ஆளுவோர் அன்று கண்டுகொண்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலையேறியபோது, பாணுக்காக மக்கள் விடியுமுன்னரே வரிசையில் நின்றனர். 1977க்குப் பின் கதவுகள் திறந்துவிடப்பட்டன. 1980இல் திருகோணமலையில் சிங்கப்பூர் பிரிமா நிறுவனத்தின் மாவாலை இயங்கத் தொடங்கியது. கோதுமை விளையாத நாட்டில் கோதுமை மா அன்றாட உணவாயிற்று. சீனியின் நிலையும் அத்தகையதே. அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே, கல்லோயாத் திட்டத்தின் ஹிங்குரானையில், கரும்பும் சீனித் தொழிற்சாலையும் இருந்தும், நாட்டுக்கு வேண்டிய சீனியின் பெரும்பகுதி இன்றும் கப்பலிலேயே வருகிறது.

இந்த மாவையும் சீனியையும் கொண்டு, மின்னடுப்பு இல்லாத காலத்தில் நம் பெண்கள் கேக் சுட்ட விதத்தைச் சொல்லாமல் விடலாகாது. அகன்ற சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் மாக்கலவைத் தட்டை வைத்து மூடி, கீழே விறகுத் தணலும் மூடியின்மேற் சிரட்டைத் தணலும் இடுவர். வெப்பமானி கிடையாது, மூடியின்மீது தெளித்த நீர்த்துளி சீறும் ஓசையும், கிளம்பும் மணமுமே அளவு. மோர் இல்லாதபோது பாலிற் தேசிச்சாறு பிழிந்து திரியச் செய்து, ஆப்பச் சோடாவோடு கலப்பர். புளிப்பும் சோடாவும் சேர்ந்து எழுப்பும் வாயு மாவை உப்பச் செய்யும். தேசித் தோலை வெள்ளை படாமற் துருவிச் சேர்த்தால் முட்டை மணம் மறையும். அயலிற் பேக்கரி இருந்தால், தட்டில் அடையாளமிட்டுப் போறணைக்கு அனுப்புவதும் உண்டு. கப்பலில் வந்த மாவை முற்றத்துத் தேசிக்காயாலும் தென்னஞ்சிரட்டையாலும் தனதாக்கிக்கொண்ட இந்தத் திறமையைத் தொழில்நுட்பம் என்று நாம் ஏன் அழைப்பதில்லை? ஆண் செய்து கூலி பெற்றிருந்தால் அழைத்திருப்போம் அல்லவா?

தட்டு நிறைந்தபின் அது வீட்டில் நிற்பதில்லை. இக்கரையில் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி அமைந்திருக்கின்றன. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே காரைதீவு. கல்முனைக்கும் மருதமுனைக்கும் நடுவே பாண்டிருப்பு. பெருநாளுக்கு வட்டிலப்பம் வேலி தாண்டிப் போகும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கிருந்து பலகாரம் திரும்பி வரும். வெறுந் தட்டைத் திருப்பியனுப்புவது மரியாதையன்று. 1980களின் நடுப்பகுதியிலிருந்து மூண்ட இனக் கலவரங்களும் போரும் இந்தப் பரிமாற்றத்தை அறுத்த காலங்கள் உண்டு. வயலுக்குப் போன ஆண்கள் திரும்பாத நாள்களில், அடுப்பு மூட்டவே மனமில்லாத பெருநாள்களும் கழிந்தன. தட்டு மீண்டும் வேலி தாண்டத் தொடங்கிய இடங்களில், அதை முதலிற் தூக்கிச் சென்றவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதை நமது அரசியல்வாதிகள் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அதே காலத்தில் மற்றொரு பிரிவும் நிகழ்ந்தது. 1970களின் இறுதியிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணியாளராக இலங்கைப் பெண்கள் செல்லலாயினர். இக்கரையோர ஊர்களிலிருந்தும் பலர் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் கூரையாயிற்று. மகளின் சீதன வீடாயிற்று. எரிவாயு அடுப்பும் மின் போறணையும் ஆயிற்று. ஆனால் பெருநாளிரவில் அவர்கள் பிறர் குசினியிற் பிறர் பிள்ளைகளுக்குப் பலகாரம் செய்தனர். அவர்கள் பணத்தால் வாங்கிய போறணையின் முன் நிற்க அவர்கள் இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாட் காலையிற் கடல் எழுந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் தெருக்களாக இல்லாமற் போயின. மாண்டவர்க்கு முன் மரங்களைப் பற்றிப் பேசுவது சிறுமை என்று எவரும் எண்ண வேண்டாம். எஞ்சியோர் வாழ்ந்தாக வேண்டியது அந்த மண்ணில்தான். தென்னை உப்பைத் தாங்கும், தேசி தாங்காது. உப்பு நீர் புகுந்த கிணறும், வேர் கருகும் தேசி இனமும் சேர்ந்து வாழ்வதில்லை. பின்னர் கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற விதி வந்தது. கரையில் வளவோடு வாழ்ந்த குடும்பங்களிற் பல உள்ளே நகர்ந்தன. சிலவற்றுக்கு மாடி வீடுகள் கிடைத்தன. கூரை கிடைத்தது, அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மாடி வீட்டில் முற்றம் இல்லை. முற்றம் இல்லாதபோது மரமில்லை, கிணறில்லை, விறகடுப்புக்கு இடமுமில்லை. தேசிக்காய் சந்தைக்குப் போய் வாங்கும் பண்டமாயிற்று. அடுப்பு எரிவாயுச் சிலிண்டருக்கு அடிமையாயிற்று.

அந்த அடிமைத்தனத்தின் விலை என்ன என்பதை 2022ஆம் ஆண்டு காட்டிற்று. அதற்குள் இக்கரையிற் பல பெண்கள் வீட்டிலிருந்தே கேக்கும் பலகாரமும் செய்து விற்றுக் குடும்பம் காக்கும் நிலைக்கு வந்திருந்தனர். வெளிநாட்டுச் செலாவணி வற்றியது. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மின்சாரம் நாளுக்குப் பல மணி நேரம் நின்றது. 2021இற் பிறப்பிக்கப்பட்ட இரசாயன உரத் தடையால் நெல் விளைச்சலும் வீழ்ந்திருந்ததால், அரிசி மாவுக்குத் திரும்பலாம் என்ற வழியும் குறுகிற்று. 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. விறகும் முற்றமும் உடையவள் மூத்தும்மாவின் தணற் சட்டியை மீண்டும் இறக்கினாள். மாடியில் இருந்தவளுக்கு இறக்குவதற்குச் சட்டியுமில்லை, வைப்பதற்கு இடமுமில்லை. அவளுடைய அடுப்போடு அவளுடைய வருவாயும் அணைந்தது.

இந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? உலக நாடுகள் பின்பற்றும் தேசிய வருமானக் கணக்கு முறையின்படி, விற்பனைக்குச் செய்த கேக் உற்பத்தியாகும். அதே கை அதே அடுப்பிற் தன் வீட்டாருக்குச் செய்தால் அது உற்பத்தியாகாது. நோன்போடு நின்று நள்ளிரவுவரை கிண்டிய தொதல் நாட்டின் கணக்கில் ஒரு சதமும் பெறாது. கணக்கில் இல்லாத உழைப்புக்குத் திட்டத்திலும் இடமில்லை. ஆகவேதான் வீடு வரைந்த பொறியியலாளர் முற்றத்தை வரைய மறந்தார்.

பழைய உரலுக்கும் புகையடுப்புக்கும் பெண்கள் திரும்பிச் செல்ல வேண்டும் என்பது நமது வாதமன்று. புகை அவர்களுடைய கண்ணையும் நெஞ்சையும் தின்றதை நாம் அறிவோம். மா அரைக்கும் பொறியும் மின் போறணையும் அவர்களுக்கு உரியவையே. நாம் கேட்பது வேறு. குடியிருப்புகளை வகுப்போர் ஒரு மரத்துக்கும் ஒரு பொது அடுப்படிக்கும் இடம் விடட்டும். வீட்டிலிருந்து பலகாரம் செய்யும் பெண்கள் மாவையும் சீனியையும் கூட்டாக வாங்கக் கூட்டுறவுச் சங்கங்கள் முன்வரட்டும். கூப்பன் காலத்திற் சங்கக் கடைகள் செய்ததைவிடப் பெரிய காரியம் அன்று இது. ஆண்களும் உரிய பங்கை ஏற்று அந்த இரவில் அகப்பையைப் பிடிக்கட்டும். தொதல் கிண்டுவதற்குத் தோள்வலிமையே வேண்டும், அது அவர்களிடம் இருப்பதாகத்தானே சொல்லுகிறார்கள்!

எழுதுவோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. 1942இன் கூப்பன் மாவைச் சிறுமியராய்க் கண்ட கண்களிற் பெரும்பாலானவை மூடிவிட்டன; 1970களின் பாண் வரிசையில் நின்றவர்கள் இன்று மூத்தும்மாக்கள். அடுத்த பெருநாளுக்கு வட்டிலப்பம் தின்னப் போகும்போது ஒரு குறிப்பேட்டையும் கொண்டுபோவோம். எத்தனை தேங்காய், எத்தனை முட்டை என்று மட்டும் கேளாமல், அந்த மா எங்கே வாங்கியது, விறகு எங்கே பொறுக்கியது, அந்தத் தேசிமரம் யார் நட்டது, அது எப்போது பட்டது என்றும் கேட்போம். அவர்கள் சொல்லுவதே இக்கரையின் வரலாறு.